பாய்மரம் சொன்ன பதில்

நாற்காலியைக் காட்டியும் ரொசாரி மோத்தா உட்காரவில்லை. அறுபத்து மூன்று வயது. துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆடுகிற தளத்தில் நிற்பவரைப் போலப் பொன்செல்வியின் மேசைக்கு முன்னால் காலை அகட்டி வைத்து நின்றார். இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், எங்கப்பா பேர பூசையிலேருந்து எடுத்துட்டாங்க."

பொன்செல்விக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தப் பூசை அண்ணாச்சி?"

"'சலேத் மாதா' தோணியில போயி வராமப் போனவங்களுக்கு வருஷா வருஷம் எங்க கோயில்ல ஒரு பூசை வைப்போம். அறுபது வருஷமா வைக்கோம். சாமியார் எல்லார் பேரையும் வாசிப்பாரு. மொதப் பேரு எங்கப்பா பேரு. அவருதான தண்டலு, தோணிய ஓட்டுனவரு. இந்த வருஷம் மத்த குடும்பத்துக்காரங்க எல்லாம் சேந்து, அந்தப் பேர வாசிச்சா நாங்க எந்திரிச்சுப் போயிருவோம்னுட்டாங்க. சாமியாரு என்ன செய்வாரு? வாசிக்கல."

சுவரில் இருந்த பெரிய திரையை அவர் கையால் காட்டினார். "எல்லாம் நீங்க போட்டுக் காட்டுனதுனாலதான்."

பொன்செல்வி எழுந்தேவிட்டாள். அந்த அறையில் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் இருக்கும் தென்கடல் காட்சி ஆவணக் காப்பகத்தில் அவள் பொதுமக்கள் பிரிவின் பொறுப்பாளர். சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம். ஜனங்களின் வரிப்பணத்தில் சேர்த்து வைத்த பழைய படங்களை ஜனங்களே எடுத்துப் பார்க்க வேண்டும். அனுமதிக் கடிதம், ஆராய்ச்சிச் சான்றிதழ் என்று ஒருவரும் வாசலில் நிற்கக் கூடாது. அந்தப் பிடிவாதம் அரைக்கிணறுதான் தாண்டியிருந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படச்சுருள்கள் குளிர்ந்த அறையில் பூட்டிக் கிடந்தன. வெளியே விட்டிருந்தது அவற்றின் குரலை மட்டும்.

குரல் என்றால், அந்தப் படங்களில் குரலே கிடையாது. ஊர்க்காரர்கள் கையடக்கக் கேமராவில் எடுத்த பேசாத படங்கள் அவை. போன வருஷம் காப்பகத்துக்கு ஓர் எந்திரம் வந்தது. அது பேசாத படத்தைப் பேச வைத்தது. ஊரில் எல்லோரும் அதைச் 'செவி' என்றார்கள்.

"அது எப்படிக் கேக்குது, அதச் சொல்லுங்க மொதல்ல," என்றார் ரொசாரி. "எனக்கு ஒருத்தரும் வெளங்குற மாதிரி சொல்லல."

"நாம பேசும்போது காத்து அதிருதுல்லா அண்ணாச்சி? அந்த அதிர்வு பக்கத்துல இருக்கிற துணிமேல, இலைமேல, தண்ணிமேல எல்லாம் படும். நம்ம கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அது நடுங்கும். அந்த நடுக்கம் படத்துல பதிஞ்சிருக்கும். செவி அதை வாசிச்சுப் பேச்சா மாத்துது. உங்கப்பா படத்துல தோணியோட பாய் இருந்துச்சு. அவ்வளவு பெரிய துணி. அதுக்கு நல்லா கேட்டிருக்கும்."

"பாய்க்கு நல்லா கேட்டுச்சு," என்று அவர் திரும்பச் சொன்னார். அதில் கேலி இருந்ததா என்று பொன்செல்வியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பீரிஸ் ஸ்டுடியோக்காரர் அறுபது வருஷத்துக்கு முன்பு பழைய துறைமுகத்தில் நின்று எடுத்த படம் அது. 'சலேத் மாதா' வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குக் கிளம்புகிறது. அதுதான் அதன் கடைசிப் பயணம். படத்திலிருந்து செவி எடுத்த பேச்சு சில நொடிதான். ஒரு தோணிக்காரன் கேட்கிறான்: "காத்து ஒரு மாதிரி இருக்கே தண்டலு, போவணுமா?" கொஞ்சம் இடைவெளி. பிறகு கனத்த, நிதானமான ஒரு குரல்: "போவோம். நான் இருக்கேன்லா."

காப்பகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்த விழாவுக்கு அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்தது பொன்செல்விதான். முதல்முறை கேட்டபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. விழாவில் கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. ஒரு வாரத்துக்குள் அது மாநிலம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் ரொசாரியின் தெருவில் அதை வேறு மாதிரிக் கேட்டார்கள். அதுவரைக்கும் கடல் எடுத்துக்கொண்டது என்றுதான் எல்லாக் குடும்பங்களும் நினைத்திருந்தன. யார் மேலும் பழி இல்லை. இப்போது, ஒருவன் எச்சரித்திருக்கிறான், தண்டல் திமிராகப் பதில் சொல்லி எல்லோரையும் கொண்டுபோய்க் கொன்றிருக்கிறான் என்று ஆகிவிட்டது. கூடவே வளர்ந்தவர்கள், பிள்ளைகளுக்குப் பெண் கொடுத்து எடுத்தவர்கள், ரொசாரியைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கினார்கள்.

"எனக்கு அப்ப மூணு வயசு. அப்பா மொகமே ஞாபகம் இல்ல," என்றார் ரொசாரி. "தங்கச்சி ஒருத்தி இருக்கா, மெற்றில்டா. அப்பா போனப்ப அவ அம்மா வயித்துல. அவரு அவளக் கண்ணால பாத்ததே இல்ல. நான் ஒண்ணும் பெருசா கேக்கல மேடம். அந்தப் படத்தக் காட்டுங்க. எங்கப்பா அதச் சொன்னாரான்னு நான் பாக்கணும்."

"மூலப் படத்தப் பார்க்க ஆராய்ச்சியாளர்களுக்குத்தான் அனுமதி அண்ணாச்சி. விண்ணப்பம் போட்டு..." சொல்லும்போதே அவளுக்கு வாய் கசந்தது.

"அப்ப, அவரு பேசுனதா நீங்க சொல்லுத பேச்ச ஊரு ஒலகத்துக்கே தொறந்து விட்டுட்டீங்க. அவரு மொகத்த மட்டும் பூட்டி வச்சிக்கிட்டீங்க. அப்படித்தான?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படியிறங்கிப் போகும் ஓசை வெகுநேரம் கேட்டது. பொன்செல்வி ஜன்னலுக்குப் போனாள், மேசைக்கு வந்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்காமல் மூடி வைத்தாள்.

*

இயக்குநர் தயாபரன் சென்னையிலிருந்து வந்தவர். கெட்டவர் இல்லை. சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்றது நியாயமாத்தான் படும், பொன்செல்வி. ஆனா மூலப் படத்தைத் திறந்து விட்டா என்ன ஆகும்னு யோசிங்க. செவி மாதிரி எந்திரம் இன்னிக்கு நம்மகிட்ட மட்டும் இல்ல. அரைகுறையா ஆளாளுக்கு ஒண்ணு வச்சிருக்கான். ஒரே படத்துலேருந்து ஒவ்வொருத்தனும் ஒரு குரல் எடுப்பான். ஒரு குரல் இருந்தா ஆவணம். நூறு குரல் இருந்தா சந்தை."

"அந்த ஒரு குரல் தப்பா இருந்தா சார்?"

"தப்புன்னா நாம திருத்துவோம்."

"நமக்கு எப்படித் தெரியும்? பார்க்கறது நாம மட்டும்தானே."

அவர் சிரித்தார். "அந்த ரொசாரியைத் தனியா கூட்டிட்டு வந்து காட்டிடுங்க. மனிதாபிமான அடிப்படையில."

"அவருக்குக் காட்டிட்டா, அந்தத் தெருவுல இருக்கிற மத்தவங்களுக்கு? அவங்க வீட்டு ஆளுங்களும் அந்தப் படத்துல இருக்காங்க. ஒவ்வொருத்தரும் மனிதாபிமானத்துக்கு இங்க வந்து நிக்கணுமா சார்?"

"பொன்செல்வி, முடியாது. இதோட விடுங்க."

"அதை எழுத்துல குடுங்க சார்."

தயாபரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். காப்பகத்தை ஆரம்பித்தபோது எழுதிய விதி ஒன்று உண்டு: எழுத்தில் காரணம் சொல்லி மறுக்காத எதுவும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். அப்படி ஒரு விதி இருப்பதே பலருக்கு மறந்து போயிருந்தது. எழுதிக் கொடுத்தால் அதை எதிர்த்து யாரும் மேலே போகலாம். அதனால் அந்தக் கட்டிடத்தில் யாரும் எதையும் எழுதி மறுத்ததில்லை. வாயால் சொல்லி முடித்துவிடுவதுதான் வழக்கம்.

"அதெல்லாம் எழுத்துல எதுக்கு?" என்றார் அவர்.

ஒரு வாரம் காத்திருந்தாள். தினமும் ஒருமுறை அவர் அறைக்குப் போய் நின்று கேட்டாள். அவர் தினமும் வேறு பேச்சுப் பேசினார். அந்த வாரத்தில் அவள் வீட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாள். பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனாள். திங்கட்கிழமை காலை அலுவலகம் வந்ததும், கைப்பையைக்கூடக் கழற்றாமல் கணினிக்கு முன் நின்றபடியே 'சலேத் மாதா' சுருளை இணையத்தில் திறந்து விட்டாள். யாரும் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஒரே ஒரு சுருள்.

பிறகுதான் உட்கார்ந்தாள்.

*

தயாபரன் சொன்னதுதான் நடந்தது. சொன்னதற்கு மேலேயே நடந்தது.

இரண்டு நாளில் அந்தத் தண்டலுக்கு எத்தனையோ குரல் முளைத்துவிட்டது. ஒருவன் அவரைப் பாட வைத்தான். ஒருவன் கெட்ட வார்த்தை பேச வைத்தான். தோணி உரிமையாளர்தான் "போ, போ" என்று விரட்டினார் என்று ஒருவன் நிரூபித்தான். அந்த உரிமையாளரின் பேரன்மார் காவல் நிலையத்துக்குப் போனார்கள். துறைமுகத் தொழிற்சங்கத் தேர்தலில் ஒரு கட்சி அந்தப் படத்தைப் போட்டு இன்னொரு கட்சித் தலைவரின் பேச்சைத் தண்டல் வாயில் ஏற்றியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் "நான் இருக்கேன்லா" என்று சொல்லிக்கொண்டு சைக்கிளில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ரொசாரி மறுபடி வந்தார். இந்த முறை மேலே வரவில்லை. வாசலில் நின்று ஆள் அனுப்பினார். பொன்செல்வி இறங்கி வந்தாள்.

"பாத்தேன் மேடம். நீங்க தொறந்து விட்ட அன்னைக்கே பாத்தேன். எங்கப்பாவ மொத மொத பாத்தேன்." அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னய மாதிரியே நெத்தி."

"பார்த்ததுல ஏதாவது..."

"ஒண்ணும் தெரியல. பாயி மறைக்குது, ஆளுங்க குறுக்க மறுக்க போறாங்க. தூரமா தெரியுதாரு. பேசுதாரா பேசலையான்னு என் கண்ணுக்குப் பிடிபடல. ஆனா மேடம், முன்னால அவரு ஒரு பேச்சுதான் பேசுனாரு. இப்ப என்னல்லாம் பேசுதாரு பாத்தீங்களா? நான் கேட்டது மொகத்த. நீங்க அத நடுச்சந்தியில கொண்டு வச்சிட்டீங்க."

அவர் போன பிறகு மேலே ஏறியபோது தயாபரன் மாடிப்படியில் நின்றிருந்தார். விசாரணை முடியும்வரை விடுப்பில் போகும்படி சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

அடுத்து வந்த நாட்களில் வீட்டுக்கும் கடற்கரைக்குமாக நடந்தாள். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டாலும் பயம். தான் செய்தது சரி என்று காலையில் தோன்றும். மத்தியானத்துக்குள் அது மாறிவிடும். அந்தப் படத்துக்குக் கீழே ஜனங்கள் எழுதியதை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்தாள். படிக்கக் கூடாது என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, உடனே எடுத்தாள்.

அப்படிப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. திருநெல்வேலியிலிருந்து ஷிரீன் என்று ஒருத்தி. 'உங்களைப் பார்க்க வேண்டும். தண்டல் என்ன பேசினார் என்று எங்களுக்குத் தெரியும். எழுதினால் நம்ப மாட்டீர்கள். காட்ட வேண்டும்.'

இன்னொரு குரல் வியாபாரி என்று பொன்செல்வி நினைத்தாள். ஆனாலும் வரச் சொன்னாள். சும்மா இருப்பதைவிட அது மேல்.

*

காப்பகத்துக்குள் நுழைய முடியாது என்பதால் பக்கத்துத் தெரு பேக்கரியில் சந்தித்தார்கள். ஷிரீனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும்; வங்கி அதிகாரி. பிறவியிலேயே காது கேளாதவள். கூடவே அவள் கணவன் நாசர் வந்திருந்தான். அவள் கையால் பேசப் பேச அவன் அதைக் குரலில் சொன்னான். அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுத்ததற்குப் போய்விடுவாள். பொறுமை இல்லாமல் மேசையைத் தட்டுவாள்.

"எங்க ஊர்ல நாங்க கொஞ்சம் பேரு இருக்கோம், எல்லாருக்கும் காது கேக்காது," என்றான் நாசர், அவள் கையைப் பார்த்தபடி. "வெள்ளிக்கிழமை சேர்ந்து உக்காந்து பழைய பேசாத படம் பார்ப்போம். உங்க காப்பகம் தெறக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டதும் அவ்ளோ சந்தோஷப்பட்டோம். எல்லாம் பேசாத படம், எங்களுக்குன்னே செஞ்ச மாதிரி. தெறந்து பார்த்தா வெறும் குரல். படத்த உள்ள வச்சுப் பூட்டிட்டு, இல்லாத குரல வெளிய விட்டிருக்கீங்க. நான் உங்களுக்கு அப்பவே எழுதினேன், பதில் வரல."

பொன்செல்வி முகம் சிவந்தாள். அப்படி ஒரு கடிதம் வந்த ஞாபகமே இல்லை.

ஷிரீன் மடிக்கணினியைத் திருப்பினாள். 'சலேத் மாதா' மெல்ல அசைந்தது. கரையில் கூட்டம், மூட்டை, கயிறு. ஷிரீன் ஓர் இடத்தில் நிறுத்தி, மூலையில் ஒரு முகத்தைப் பெரிதாக்கினாள்.

"இவருதான் கேள்வி கேக்கறவரு. 'காத்து' படிக்க முடியுது. 'தண்டலு' படிக்க முடியுது. மத்தது ஊகம்தான். உதடு படிக்கறதுன்னா பாதிக்குப் பாதி ஊகம், நான் பொய் சொல்ல மாட்டேன். உங்க எந்திரம் இதைச் சரியாத்தான் கேட்டிருக்கு."

"சரி. பதில்?"

ஷிரீன் படத்தை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினாள். பாய்க்கும் பாய்மரத்துக்கும் நடுவே, பின்பக்கத்தில் ஓர் ஆள் தெரிந்தார். தலையில் துண்டு. அகலமான நெற்றி. இரண்டு கையாலும் எதையோ இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஷிரீன் அவர் வாயைச் சுட்டினாள்.

பொன்செல்வி குனிந்து பார்த்தாள். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள்.

கயிற்றின் ஒரு நுனியை அவர் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்.

"கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே கடிச்சிருக்காரு," என்றான் நாசர். "பாய் மேல ஏறி முடிக்கிற வரைக்கும் விடல. நடுவுல ஆளுங்க மறைக்கிறாங்க, ஆனா ஒவ்வொரு தடவை மொகம் தெரியும்போதும் கயிறு வாய்லதான். ஒரு சொல்லும் பேசல. உதடு படிக்கத்தான் ஊகம் வேணும். வாய் மூடியிருக்குன்னு சொல்ல ஊகம் எதுக்கு?"

"வேற யாராவது சொல்லியிருக்கலாமே?"

"அந்த நேரத்துல தெரியற எல்லா வாயையும் பார்த்துட்டோம். கரையில ஒரு அம்மா கொட்டாவி விடறாங்க. அவ்ளோதான்." ஷிரீன் இங்கே சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையை வேகமாக அசைத்தாள். நாசர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "இத்தனை பேரு இதை எறக்கிக் குரல் எடுத்தாங்களே, எல்லாரும் பாயைத்தான் பார்த்தாங்க. மனுஷனை யாரும் பார்க்கலை. நாங்க எப்பவும் வாயைத்தான் முதல்ல பார்ப்போம்."

*

பொன்செல்வி கொண்டுபோய்க் காட்டிய அந்த இடத்தைத் தயாபரன் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு செவியைப் பராமரிக்கும் பொறியாளரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். விடுப்பில் இருந்தவள் என்பதையும் மறந்து பொன்செல்வியை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். மாலைக்குள் விஷயம் தெரிந்துவிட்டது.

"கேள்விக்கு அப்புறம் பாய்ல ஒரு நடுக்கம் இருக்கு," என்றார் தயாபரன். "வெறும் காத்து. ஆனா எந்திரத்துக்கு நாம லட்சக்கணக்கான உரையாடலைக் கொடுத்துப் பழக்கியிருக்கோம். கேள்வின்னு ஒண்ணு வந்தா பதில்னு ஒண்ணு வரும்னு அது கத்துக்கிச்சு. நடுக்கத்தை எடுத்து, அந்த வயசு ஆள், அந்தத் தொழில், இந்த ஊர்ப் பேச்சுன்னு எல்லாம் சேர்த்து ஒரு பதிலைச் செஞ்சிருக்கு."

"குரல்?"

"குரலும்தான். அது யாரோட குரலும் இல்ல."

தயாபரன் திரையை அணைத்தார்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு சார்?" என்று பொன்செல்வி கேட்டாள். "நாம வெளிய விட்ட குரல்ல?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. "அதைத்தான் நானும் யோசிக்கறேன். முதல்ல இந்தத் துண்டைச் சத்தமில்லாம எடுத்துடலாம்."

"எடுக்காதீங்க. படம், செவி செஞ்ச குரல், ஷிரீன் குழு எழுதினது, மூணையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. எப்படித் தப்பாச்சுன்னு பார்க்க ஜனங்களுக்கு வழி வேணும்ல. மத்தச் சுருளையும் திறந்து விடுங்க. நம்ம கண்ணுல படாதது இன்னொருத்தர் கண்ணுல படும்."

"மத்தச் சுருள் பத்தி அப்புறம் பேசுவோம்," என்றார். மூன்றையும் பக்கத்தில் வைக்க மட்டும் ஒத்துக்கொண்டார். விசாரணையை நிறுத்துவதாக அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து ரொசாரி போனில் கூப்பிட்டார். பின்னணியில் கோயில் மணியும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன.

"வாசிச்சிட்டாங்க மேடம். திரும்ப ஒரு பூசை வச்சாங்க. மொதப் பேரா வாசிச்சாரு சாமியாரு. அந்தக் கேள்வி கேட்டாருல்லா, அவரு மவன் வந்து என் கையப் பிடிச்சிக்கிட்டு விட மாட்டேங்கான்." பிறகு தணிந்த குரலில், "ஒருக்கா வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. ஒரு சோலி இருக்கு. போன்ல சொல்ல முடியாது," என்றார்.

*

தெருமுனையிலேயே அவர் காத்திருந்தார். வெயிலில் நின்று சட்டை நனைந்திருந்தது. அவளை வீட்டுப் பக்கம் கூட்டிப் போகாமல் ஒரு படகுக் கொட்டகையின் நிழலுக்கு நகர்த்தினார்.

"மேடம், அந்தக் குரல எடுத்துருவீங்களா?"

"எடுக்க மாட்டோம் அண்ணாச்சி. ஆனா அது எந்திரம் செஞ்சதுன்னு மேலயே எழுதிருக்கோம்."

"அதான் பிரச்சினை." அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க தங்கச்சி மெற்றில்டா. நாந்தான் இம்புட்டு நாளும் ஊரு ஏசுதே, பேரு போச்சேன்னு அலைஞ்சிக்கிட்டு இருந்தேன். அவளும் அழுதுக்கிட்டுக் கெடக்கான்னு நெனச்சேன். அவ என்ன செஞ்சிருக்கான்னா, நீங்க விழாவுல போட்ட அன்னைக்கே அத போன்ல எடுத்து வச்சிக்கிட்டு, காலையில எந்திரிச்சதும் ஒருக்கா, படுக்கதுக்கு முன்னால ஒருக்கா கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. ஊரெல்லாம் அந்தப் பேச்சுக்குக் காறித் துப்புச்சு. அவ அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. 'நான் இருக்கேன்லா'ன்னு."

பொன்செல்வி சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அவ பொறக்கதுக்கு முந்தியே போயிட்டாரு மேடம். அவகிட்ட அவரு பேசுன மாதிரி அவ வச்சிக்கிட்டா. இப்ப நான் போயி, ஏட்டி, அது அப்பா இல்ல, எந்திரம்னு எப்படிச் சொல்லுவேன்? பூசைக்குக்கூட அவள மூட்டுவலின்னு வீட்டுலயே விட்டுட்டு வந்தேன். நீங்க ஏதாவது செஞ்சு..."

"என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"தெரியலயே. அதான் கூப்புட்டேன்."

அவளுக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டும் என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறாள். எதிராளி எடுத்து வைத்த வாதங்கள் எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. இப்படி ஒன்றை ஒருவரும் கேட்டதில்லை. உண்மையைப் பூட்டி வைக்கச் சொல்லி ஒருவர் எதிரில் நின்று கெஞ்சுகிறார். பூட்டிய கதவுக்காக ஒரு மாதத்துக்கு முன் அவளிடம் கோபப்பட்டவரும் இவர்தான்.

"அங்க என்ன ரகசியம்? உள்ள வாங்க ரெண்டு பேரும்," என்று ஒரு குரல் கேட்டது.

கொஞ்சம் தள்ளி, வீட்டு வாசலில் மெற்றில்டா நின்றாள். கட்டையான உருவம், நரைத்த கூந்தலை இறுக்கி முடிந்திருந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. அதே அகலமான நெற்றி. உள்ளே கூட்டிப் போய், மின்விசிறியைப் போட்டு, பொன்செல்வியை உட்கார வைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே பேசினாள்.

"நீங்கதான் படத்த வெளிய விட்டவங்களா? எங்கண்ணன் எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டான். நான் குருடியா? எனக்கும் போன் இருக்கு. அந்தத் திருநெல்வேலிப் பிள்ள வட்டம் போட்டுக் காட்டியிருக்கால்லா, கயித்த பல்லுல கடிச்சிக்கிட்டு நிக்காரு. பாத்தேன். ரெண்டு கையும் வேலையா இருந்துச்சுன்னா வேற என்ன செய்வாரு மனுஷன்?"

ரொசாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"அந்தக் குரலு அவரது இல்லங்கதும் படிச்சிட்டேன்."

"எங்களை மன்னிச்சிருங்க," என்றாள் பொன்செல்வி. "நாங்க சரியாப் பார்க்காம..."

"எடுத்துருவீங்களோ?"

"இல்லம்மா. திறந்ததை மூட மாட்டோம். ஆனா இது அவர் குரல் இல்லைன்னு மேல எழுதியிருக்கு. அதை எடுக்க முடியாது. அதையும் மூட மாட்டோம்."

மெற்றில்டா சற்று யோசித்தாள். கையிலிருந்த மாவை விரல் விரலாக உரித்தெடுத்தாள்.

"எழுதியே வைங்க," என்றாள். "எங்கண்ணனுக்கு அது வேணும், ஊருக்கும் அது வேணும். நான் அதப் படிக்காமக் கேட்டுக்கிடுதேன்."

சொல்லிவிட்டுத் தேநீர் போட உள்ளே போனாள். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. பொன்செல்விக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குளிர்ந்த அறையில் பூட்டிக் கிடக்கும் மற்றச் சுருள்கள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றையும் திறக்கும்போது எந்த வீட்டில் எது உடையும், எந்த வீட்டில் எது ஒட்டும் என்று அவளால் சொல்ல முடியாது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். எழவில்லை.

ரொசாரி அறையைச் சுற்றிப் பார்த்தார். தங்கையின் போன் தையல் எந்திரத்தின் மேல் கிடந்தது. அவர் அதை எடுத்தார். சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பொன்செல்வியிடம், ஏதோ கூடாத காரியம் செய்பவரைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் இத முழுசா ஒரு தடவகூடக் கேட்டதில்ல மேடம்," என்றார். "ஊரு ஏசுன ஏச்சுல, போட்டதும் நிப்பாட்டிருவேன். எந்த எடத்தத் தட்டணும், சொல்லுங்க."

அவள் காட்டினாள். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.